கொடி ஹவில்தாரின் நாற்பத்தொரு பேர்

என் பாட்டனுக்குப் பாட்டன் அய்யாக்கண்ணு, பட்டாளத்தில் கொடி தூக்கிய ஹவில்தார், பர்மாச் சண்டைக்குக் கப்பலேறிப் போய் நாலாம் வருஷம் வைகாசி மாதம் எங்கள் ஊர் வேலாங்கரட்டுக்குத் திரும்பி வந்தபோது, பட்டாளத்தின் பட்டுக் கொடியை இடுப்பில் ஏழு சுற்றாகச் சுற்றியிருந்தார் என்றும், அதற்குக் கீழே கட்டியிருந்த வேட்டி முழங்காலுக்குக்கூட எட்டவில்லை என்றும் எங்கள் குடும்பத்தில் சொல்வார்கள். அவரைப் பற்றிச் சிரித்துப் பேசும் வழக்கமோ அழுது பேசும் வழக்கமோ எங்களிடம் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவதுதான் வழக்கம், நானும் அப்படித்தான் பேசப்போகிறேன்.

வந்த அன்றைக்கே மாரியம்மன் கோயில் வாசலில் ஊரைக் கூட்டி, கொடியை அவிழ்த்து விரித்துக் காட்டி, ரங்கூனுக்கு அப்பால் ஒரு காட்டில் புகை நடுவே பட்டாளம் முழுவதும் வெட்டுப்பட்டுச் செத்தபோது தான் ஒருவன்தான் எதிரியின் கையில் சிக்கவிடாமல் இந்தக் கொடியைக் காப்பாற்றிக்கொண்டு வந்ததாகச் சொன்னார். கேட்டவர்கள் வாயைப் பிளந்தார்கள். சர்க்காரிடம் ஏன் திருப்பிக் கொடுக்கவில்லை என்று ஒருவனும் கேட்கவில்லை. அவருக்குத் தலையில் பரிவட்டம் கட்டினார்கள், முதல் வெற்றிலை கொடுத்தார்கள், அவர் அதை மென்றுகொண்டே பட்டாளத்தில் சேரும் நாளில் ஒவ்வொருத்தனும் கொடியின்மேல் கைவைத்துச் செய்யும் சத்தியத்தையும் சொல்லிக்காட்டினார்: புகை மூடினால், காது அடைத்தால், துரை செத்துப்போனால், பக்கத்தில் நிற்பவன் முகம் தெரியாமல் போனால், நிமிர்ந்து பார், கொடி எங்கே தெரிகிறதோ அங்கே போ, அது நடந்தால் நட, அது நின்றால் நில். பிறகு வீட்டு வாசலில் பதினெட்டடி மூங்கிலை நட்டு அதில் கொடியை ஏற்றிவிட்டு, மீசையை முறுக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்த் தன் பெண்சாதி பொன்னாத்தாவிடம் காலுக்கு வெந்நீர் கேட்டார்.

அவர் திரும்பி வந்த மூன்றாம் வருஷம் ஆடி மாதம், காலை வெயில் ஏறி, பெண்கள் கம்பு குத்திக்கொண்டிருந்த நேரத்தில் முதலாமவன் வந்தான். கழுத்துவரை சேறு, சேற்றுக்கு மேல் காய்ந்த உப்பு, இடுப்பு வாரில் சிப்பி ஒட்டியிருந்தது. கடலுக்கடியில் நடந்து வர அவ்வளவு நாள் ஆகத்தான் செய்யும். அவன் கொடிக்கு ஆறடி தள்ளி விறைப்பாக நின்று, தன் பேரையும் ஊரையும் சொல்லி, "ஆஜர்" என்றான், அதற்குப் பிறகு வாயைத் திறக்கவில்லை. மறுநாள் இரண்டு பேர், அதற்கு மறுநாள் நாலு பேர் என்று ஆவணி பிறப்பதற்குள் நாற்பது பேர் வந்து பத்துப் பத்தாக நாலு வரிசை நின்றுவிட்டார்கள், கடைசியாக வந்த வேம்பன் என்பவன் வரிசையில் இடம் இல்லாமல் எல்லோருக்கும் பின்னால் ஒற்றையாக நின்றான்.

செத்தவர்கள் வந்ததைப் பற்றி ஊரில் யாருக்கும் புகார் இல்லை, நின்ற இடத்தைப் பற்றித்தான் புகார். கிணற்றுக்குப் போகும் பாதையை அடைத்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று பெண்கள் சண்டைக்கு வந்தார்கள். அதைவிடப் பெரிய சண்டை ஆண்களுடையது. எந்தத் தெருக்காரன் எவனோடு ஒரே வரிசையில் தோளுரசி நிற்பது என்று முறையில்லாமல், மேலத்தெருவில் கால் வைக்கக்கூடாதவனும் மேலத்தெருக்காரனும் துலுக்க வீட்டுப் பிள்ளையும் வேதக்கார வீட்டுப் பிள்ளையும் கலந்து நிற்கிறார்களே, ஊர் என்னத்துக்கு ஆவது என்று பஞ்சாயத்துக் கூடியது. மணியக்காரர் நேரே போய், தெருவாரியாகப் பிரிந்து நிற்கும்படி அவர்களுக்கு உத்தரவு போட்டார். இரண்டு நாள் தொண்டை கிழியக் கத்தினார். செத்தவர்கள் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் மணியக்காரருக்குக் குரல் கட்டிக்கொண்டதால் அந்த விஷயம் அதோடு நின்றுவிட்டது.

பிறகு ஊருக்கு அவர்கள் பழகிப்போனார்கள். ஊர்க்காரர்கள் முன்வரிசைப் பிணங்களின் கழுத்தில் கயிறு கட்டிச் சீலை காயப்போட்டார்கள், காலில் ஆட்டைக் கட்டினார்கள், வரிசையின் நிழல் வைக்கோல்போரைத் தொட்டால் கஞ்சி நேரம் என்று கணக்கு வைத்துக்கொண்டார்கள். கொடியைத் தூக்கிக்கொண்டு நடந்தால் நாற்பத்தொரு பேரும் ஆறடி தள்ளி அதே வரிசையில் பின்னால் நடக்கிறார்கள் என்று தெரிந்ததும், அய்யாக்கண்ணு கதிர் முற்றும் காலத்தில் காடு காடாகப் போய்க் கொடியை ஊன்றினார், அந்தப் பக்கம் குருவியும் வரவில்லை, திருடனும் வரவில்லை. இவர்களால் பெரிய லாபம் எதில் என்று கடைசியில் ஊருக்கு உறைத்தது என்றால், தண்ணீரில். எங்கள் ஏரி மூன்று ஊருக்குப் பொது, முறை வைத்துத்தான் மதகு திறப்பது. ஒரு தை மாதம் மணியக்காரர் அய்யாக்கண்ணுவை மதகின்மேல் கொடியோடு நிற்கவைத்தார். பின்னால் நாற்பத்தொரு பிணம் நிற்கும்போது முறை கேட்க யாருக்குத் தைரியம் வரும்? அந்த வருஷம் எங்கள் ஊரில் இரண்டு போகம் நெல், மற்ற இரண்டு ஊரிலும் நாற்று மஞ்சளாகிக் கருகியது. எங்கள் ஊர்க்காரர்கள் பாயசம் வைத்துக் குடித்தார்கள். வயிறு எரிந்துதான் சொல்கிறேன், எங்கள் வீட்டிலும் குடித்தார்கள்.

அந்தப் பாயசம் ஆறுவதற்குள் மூக்காயி வந்து சேர்ந்தாள். தொட்டியப்பாறையிலிருந்து இரண்டு நாள் நடந்து, தலையில் ஒரு கலயம் கம்பங்கூழோடு வந்தாள். வேம்பனின் தாய். வேலாங்கரட்டில் நிற்பவர்களில் ஒருவன் தன் பேரை வேம்பன் என்றும் ஊரைத் தொட்டியப்பாறை என்றும் சொன்னதாகச் சந்தைக்கு வந்தவர்கள் சொல்லக் கேட்டு, கேட்ட இடத்திலிருந்து அப்படியே கிளம்பியவள். எல்லா வரிசையையும் தாண்டிப் பின்னால் போய் ஒற்றையாக நின்றவன் முன் கலயத்தை இறக்கினாள்.

"வேம்பா" என்றாள். "டேய் வேம்பா, ஆத்தாடா."

அவன் அவள் தலைக்கு மேலாகக் கொடியைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கூழை அவன் உதட்டில் வைத்தாள். அது தாடை வழியாக ஒழுகியது, அவள் மாராப்பால் துடைத்தாள். கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள், அவன் நட்ட கல்லாக நின்றான். அப்புறம்தான் அவள் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

"ஐயா, அந்தக் கொடிய எறக்கிடுங்க. எம்புள்ளய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

அய்யாக்கண்ணு சாப்பிட்டுக்கொண்டிருந்த இடத்தைவிட்டு எழுந்திருக்காமலே பதில் சொன்னார். "அது சர்க்கார் கொடி. நெனச்சா ஏத்த, நெனச்சா எறக்க, அது என்னா ஒன் மாராப்புச் சீலையா?"

"அவன் செத்தவன்யா. செத்தவனுக்கு என்னாய்யா சேவகம்?"

"சத்தியம் பண்ணியிருக்கான். போயி அவனயே கேளு."

அவள் போய் அவனையே கேட்டாள். அங்கேயே உட்கார்ந்துகொண்டு நாள் முழுவதும் கேட்டாள், மறுநாளும் கேட்டாள், மாதக்கணக்காகக் கேட்டாள், மகனை வீட்டுக்குக் கூட்டிப்போகாமல் அந்த இடத்தைவிட்டு எழுந்திருப்பதில்லை என்று இருந்தாள். எங்கள் ஊர் அவளைப் படுத்தாத பாடில்லை. உட்கார்ந்த இடத்தில் சாணித் தண்ணீரை ஊற்றினார்கள், கிணற்றில் கயிறு போட விடவில்லை, எச்சில் இலையை அவள் பக்கமாகப் பார்த்து வீசினார்கள். கொடி இறங்கினால் தண்ணீர் போச்சு என்று ஊருக்குத் தெரியும், அதனால் பிள்ளையைக் கேட்டு வந்த ஒரு கிழவி அவர்களுக்குத் திருடியாகத் தெரிந்தாள். பொன்னாத்தா மட்டும் தினமும் வேலியோரம் ஒரு குடம் தண்ணீர் வைப்பாள், யாராவது கேட்டால் கன்றுக்குட்டிக்கு வைத்ததாகச் சொல்வாள். வேறு தாய்களும் வரத் தொடங்கினார்கள், ஆவணிக்குள் பதினாலு பேர் ஆனார்கள், ஊர் பதினாலு பேருக்கும் பாகுபாடு இல்லாமல் சாணித் தண்ணீர் ஊற்றியது.

மூக்காயி தினம் காலையில் மகன்மேல் இருந்த சேற்றைக் கழுவுவாள், மறுநாள் காலையில் அதே சேறு கழுத்துவரை ஏறியிருக்கும். கழுவிக் கழுவி அவளுக்கு ஒன்று பிடிபட்டது. அவன் உடம்பில் காயம் இல்லை. மற்ற தாய்களையும் கூப்பிட்டு எல்லோரையும் கழுவிப் பார்க்கச் சொன்னாள். நாற்பத்தொரு உடம்பையும் முதுகு, மார்பு, விலா, தொடை என்று தடவிப் பார்த்தார்கள், அம்மைத் தழும்பு இருந்தது, சிறுவயதில் மரமேறி விழுந்த தழும்பு இருந்தது, சண்டையில் பட்டது என்று ஒரு கீறல் இல்லை.

"ஒரு பொத்தல் இல்ல, ஒரு வெட்டு இல்ல" என்று அவள் வாசலில் நின்று கேட்டாள். "என்னா சண்டைய்யா போட்டீங்க அங்க?"

"குண்டு போன வழி மூடிக்கும்டி. பட்டாளத்து வெவகாரம், ஒனக்கு என்னா எழவு தெரியும்?" என்றார் அய்யாக்கண்ணு. கூட நின்றவர்கள் கெக்கெக்கென்று சிரித்தார்கள்.

அந்தப் புரட்டாசியில் மழை இல்லை. ஏரி நடுவில் குட்டையாகச் சுருங்கி, சுற்றிலும் மேலே ஆடை படர்ந்து உள்ளே ஆளை விழுங்கும் சேறாகக் கிடந்தது. அக்கரைக்குப் போக அந்தச் சேற்றின் குறுக்கே ஓர் ஒற்றையடி மேடு மட்டும் உண்டு, அதில் ஓர் ஆள் நடக்கலாம், எதிரில் ஆடு வந்தால்கூட ஒதுங்க முடியாது. மிச்சமிருந்த தண்ணீரையும் எங்கள் ஊர் மதகு வழியாகத் திருப்பிக்கொள்ளப் பார்த்தபோது, மற்ற இரண்டு ஊர்க்காரர்களும் இனிமேல் இழப்பதற்கு ஒன்றும் இல்லை என்று மண்வெட்டியும் அரிவாளுமாக முந்நூறு பேர் பட்டப்பகலில் வந்தார்கள். அய்யாக்கண்ணு மதகின்மேல் கொடியோடு நின்றார். ஏரிக்குள் இறங்கும் சரிவில் அவருக்குப் பின்னால் நாற்பத்தொரு பேர் நின்றார்கள். வேம்பன் எங்கே போனாலும் பின்னாலேயே போகும் மூக்காயியும் மற்ற தாய்களும் கரையில் நின்றார்கள், புல்லறுக்க வந்த பொன்னாத்தா கையில் அரிவாளோடு நின்றாள், எங்கள் ஊர் முழுவதும் வேடிக்கை பார்க்க நின்றது.

வந்தவர்கள் இந்தத் தடவை பயப்படவில்லை. பசித்தவனுக்குப் பிணத்தைக் கண்டு என்ன பயம்? ஒருவன் கல்லை எடுத்து வீசினான், அது கொடிக்கம்பில் பட்டு டங்கென்றது.

அய்யாக்கண்ணு திரும்பி ஓடினார்.

கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு, சரிவில் இறங்கி, வரிசையைச் சுற்றிக்கொண்டு போய் அந்த ஒற்றையடி மேட்டில் கால் வைத்து அக்கரைக்கு ஓடினார். நாற்பத்தொரு பேரும் ஒரே சமயத்தில் திரும்பினார்கள். கொடி நடந்தால் நட என்பது சத்தியம், மேடு பார்த்து நட என்று அதில் இல்லை. பத்து பேர் அகலத்துக்கு மேட்டில் இடமும் இல்லை. வரிசை கலையாமல், அடி பிசகாமல் சேற்றில் இறங்கினார்கள். முழங்கால்வரை போனது, நடந்தார்கள், இடுப்புவரை போனது, நடந்தார்கள், மார்புவரை போனது, கழுத்துவரை போனது, கண் மட்டும் கொடியைவிட்டு அகலவில்லை. கல்லெறிந்தவர்கள் கையைக் கீழே போட்டார்கள். மேட்டின் நடுவில் அய்யாக்கண்ணு ஒரு தடவை நின்று திரும்பிப் பார்த்தார். அதை அத்தனை பேரும் பார்த்தார்கள். அவர் நாலடி பின்னால் வந்திருந்தால் அவர்களும் வந்த வழியே கரையேறியிருப்பார்கள். அவர் பார்த்தார், பார்த்துவிட்டு முன்பைவிட வேகமாக ஓடி அக்கரை சேர்ந்து உட்கார்ந்துகொண்டார்.

தாய்கள் யாரும் அழவில்லை. மூக்காயி மேட்டில் ஏறி நடந்தாள், பதிமூன்று பேர் ஒருவர் பின் ஒருவராக அவள் பின்னால் போனார்கள். இரண்டு பக்கமும் சேற்றுக்கு மேல் தலைகள் மட்டும் இருந்தன. அக்கரையில் அவர் முன்னால் போய் நின்றாள்.

"அங்கயும் இப்புடித்தானா?"

அவருக்கு மூச்சு வாங்கியது. "பொகையா இருந்துச்சு" என்றார். "பின்னால வர்றாங்கன்னு எனக்குத் தெரியாது."

"இன்னிக்குப் பொக இல்லியேய்யா" என்றாள் மூக்காயி.

அவர் கொடியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார். "இது சர்க்கார் கொடி, தொடாத" என்றார். பதினாலு பெண்கள் தொட்டார்கள். அவர் கத்திய கத்தலில் இக்கரையில் இருந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு உயிர் வந்தது, கொடி போகிறது, தண்ணீர் போகிறது, பிடியுங்கள் என்று மணியக்காரர் முன்னால் ஓட, கம்பும் தடியுமாக எல்லோரும் மேட்டை நோக்கி ஓடினார்கள். மேட்டின் இந்த முனையில் பொன்னாத்தா அரிவாளோடு நின்றுகொண்டிருந்தாள்.

"ஒத்தையாள் வழிதான் இது" என்றாள். "மொதல்ல யாரு வர்றீங்க?"

இருநூறு ஆண்பிள்ளைகளில் முதலாவதாகப் போக ஒருவனும் இல்லை. ஒருவர் முதுகை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். மணியக்காரர், பெண்பிள்ளையோடு என்ன வம்பு என்று ஒதுங்கிக்கொண்டார்.

அக்கரையில் தாய்கள் கொடியைப் பல்லால் கடித்துக் கிழித்தார்கள். நல்ல பட்டு, சீமையிலிருந்து வந்தது, ஈறில் ரத்தம் வந்தது. ஒரு துண்டு கிழிந்ததும் ஒரு பேரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "காதர் மொய்தீன்" என்றதும் சேற்றுக்குள்ளிருந்து "ஆஜர்" என்று பதில் வந்தது, ஒருவன் தன் துண்டைப் பார்த்து நடந்து கரையேறினான். "சவரிமுத்து." "ஆஜர்." "தங்கான்." "ஆஜர்." வராத தாய்களின் துண்டுகளை வந்தவர்கள் தங்கள் முந்தானையில் முடிந்துகொண்டார்கள், எந்த ஊர் எந்த வழியில் இருக்கிறது என்று பேசிப் பிரித்துக்கொண்டார்கள், துண்டுக்கு உரியவர்கள் அவரவர் துண்டுக்குப் பின்னால் போய் நின்றார்கள். முந்நூறு பேர் மண்வெட்டியைத் தரையில் ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தார்கள். சரியாக நாற்பத்தொன்று கிழிந்தது, கடைசியில் உள்ளங்கை அகலத்துக்கு மிஞ்சியதுதான் வேம்பனுக்கு.

வேம்பன் கரையேறி வந்தான். தாயின் கையில் இருந்த துண்டைப் பார்த்தான். பிறகு, எங்கள் குடும்பத்தில் இதைச் சொல்லும்போதுதான் பல்லைக் கடிப்பது, அவன் திரும்பி, வெறுங்கம்போடு உட்கார்ந்திருந்த என் பாட்டனுக்குப் பாட்டனைப் பார்த்து, காலைச் சேர்த்து வைத்து, கையை நெற்றிக்குத் தூக்கி சலாம் வைத்தான். அவன் முகத்தில் துளிக் கோபம் இல்லை. இரண்டு தடவை சேற்றில் இறக்கிய ஆளுக்கு அவன் வைத்த அந்த சலாமை என்னால் தாங்க முடியவில்லை. அய்யாக்கண்ணு, பழக்கதோஷம், பதில் சலாம் வைக்கக் கையைத் தூக்கினார்.

மூக்காயி மகன் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். மதகுவரை கேட்டது.

"கைய எறக்குடா."

கை இறங்கியது. இத்தனை மாதமாக அவளைத் தாண்டிப் பார்த்துக்கொண்டிருந்த கண் அவள் முகத்துக்கு வந்தது. அவள் துண்டை மடியில் செருகிக்கொண்டாள்.

"கொடி எங்கத்தா?" என்றான்.

"வூட்டுல இருக்குடா. நட."

நடந்தான். எல்லோரும் நடந்தார்கள், அவரவர் ஊர்ப் பாதையில், வரிசை இல்லாமல். அன்று சாயங்காலம் மூன்று ஊரும் சேர்ந்து மதகை முறைப்படி திறந்தன. அய்யாக்கண்ணு அக்கரையிலேயே உட்கார்ந்திருந்தார். தேடிப் போன பொன்னாத்தாவிடம், "எனக்கு ஒரு துண்டும் வெக்கலியே" என்றார். "ஒங்களுக்கு எதுக்கு?" என்றாள் அவள். "நீங்க எப்பவும் தனியாத்தான வந்தீங்க." அவர் அதற்குப் பிறகு இருபத்தாறு வருஷம் இருந்தார். அவர் செத்த அன்று கொள்ளிச் சட்டி தூக்கிக்கொண்டு மகன் முன்னால் போனார், பாடை தூக்க வெளியூரிலிருந்து நாலு பேரைக் கூப்பிட வேண்டியிருந்தது, பாடைக்குப் பின்னால் நடக்க எங்கள் ஊரில் ஓர் ஆள்கூட வரவில்லை. எனக்கு அதில் இன்றைக்கும் சந்தோஷம்தான்.